வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சாஃப்ட் ஸ்கில் கிளாஸ், என்னத்த நடத்துறது?

உச்சிப்புளி வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் எடுக்குறேன். இந்த செமஸ்டர் சாஃப்ட் ஸ்கில் பீரியட் என் தலையில விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பாதிப் பேரு பைய மடியில வச்சுக்கிட்டு பஸ் ஹாரனுக்கு காதக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அந்த நேரத்துல லீடர்ஷிப்னு போர்டுல எழுதினா எனக்கே சிரிப்பு வரும்.

இதுவரைக்கும் வெளியிலேர்ந்து ஒரு ட்ரெய்னர் வருவாரு. காலர் மைக் மாட்டிக்கிட்டு டை எப்படி கட்டணும், கை எப்படி குலுக்கணும்னு சொல்லிட்டு கடைசில "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்". அம்பது அறுவது பேரும் ஒரே பாராவ ஒப்பிப்பாங்க, எல்லாரும் ஹார்ட் ஒர்க்கர், எல்லாரும் க்விக் லேர்னர், எல்லாருக்கும் ஹாபி பாட்டு கேக்குறது. லீவு நாள்ல அப்பாகூட வல்லத்துல போயி வலை இழுக்குற பாம்பன் பையனுக்கும் ஹாபி பாட்டு கேக்குறதுதான்.

சிலபஸ்ல ஒண்ணும் இல்லன்னும் சொல்ல முடியாது. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல மொத ரெண்டு செமஸ்டர் ப்ரொஃபஷனல் இங்கிலீஷ் இருக்கு, மூணாவது செமஸ்டர்ல ப்ரொஃபஷனல் டெவலப்மென்ட்னு ஒரு லேப் இருக்கு (உள்ள போயிப் பாத்தா வேர்ட், எக்ஸெல், பவர்பாயிண்ட்), 2022லேர்ந்து அரசோட நான் முதல்வன் திறன் பயிற்சி வேற. ஆனா வைவாவுல (வாய்மொழித் தேர்வு) போயி நின்னா பையன் வாயத் தொறக்க மாட்டேங்குறான்.

உலகப் பொருளாதார மன்றத்தோட 2025 வேலைவாய்ப்பு ரிப்போர்ட்ட எடுத்துப் படிச்சேன். கம்பெனிங்க கேக்குற திறமைல மொதல்ல யோசிச்சு அலசுறது, அதுக்கடுத்து அடிபட்டாலும் எழுந்து வளைஞ்சு குடுக்குறது, அப்புறம் நாலு பேர கூட்டிக்கிட்டு போறது. இப்ப இருக்குற திறமைல 39 சதவீதம் 2030க்குள்ள மாறிப்போகும், இல்ல செல்லாமப் போகும்னு போட்டிருக்கான். சரி, இத வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல எப்படி ஊத்துறதுன்னு அதுல போடல.

வேலைல இருக்குறவங்க சொல்லுங்க. எங்க பசங்ககிட்ட நெசமாவே என்ன குறையுது?


பரமக்குடி டு ஓஎம்ஆர்:

சார், மூணு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு இங்கிலீஷ்னு சொல்லியிருப்பேன். இப்ப அப்படி சொல்ல மாட்டேன். புதுசா வர்ற பசங்க எல்லாரும் மெயில சாட்ஜிபிடில போட்டு எடுத்து அனுப்புறாங்க, கமா முற்றுப்புள்ளியெல்லாம் என்னோடத விட சுத்தமா இருக்கு. ஆனா அதே பையன் ஆன்லைன் மீட்டிங்ல வந்தா மியூட்டுலயே கெடப்பான்.

நான் பாக்குற பெரிய குறை ஒண்ணுதான், மாட்டிக்கிட்டேன்னு சொல்ல மாட்டேங்குறாங்க. ஒரு வேலை குடுத்தா திங்கள்கிழமையே முட்டி நிப்பான், ஆனா தினமும் காலைல மீட்டிங்ல "கோயிங் ஆன்", "ஆல்மோஸ்ட் டன்"னே சொல்லிட்டு வருவான், வியாழக்கிழமை சாயங்காலம் நாம போயி ஸ்கிரீனப் பாத்தாத்தான் தெரியும், மொத படியே தாண்டலன்னு. மாட்டிக்கிட்டது தப்பே இல்ல சார், எல்லாருந்தான் மாட்டுறோம், திங்கள்கிழமையே சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். டை கட்டுறதெல்லாம் எவன் பாக்குறான், நாங்களே ரவுண்ட் நெக் டீஷர்ட்லதான் போறோம்.


பாம்பன் டீசல்:

வாத்தியாரே கோவிச்சுக்காதீங்க. சாஃப்ட் ஸ்கில் கெடக்கட்டும், மொதல்ல வெர்னியர் அளவுகோல்ல ரீடிங் எடுக்க சொல்லிக் குடுத்து அனுப்புங்க. என் பட்டறைக்கு இன்டர்ன்ஷிப்னு சீட்டு எடுத்துக்கிட்டு வர்றாங்க, முக்காவாசி பேருக்கு கையெழுத்து மட்டும் போதும்.

ஆனா ஒரு பையன பத்தி சொல்லணும். வெவரமான பையன். ஒரு விசைப்படகு, இன்ஜின் ஹீட் ஏறி ஏறி நிக்குதுன்னு வந்துச்சு. நான் வேற போட்டுல இருந்தேன், நீ பாருடான்னு விட்டுட்டேன். அவனே கடல்தண்ணி பம்பத் தொறந்து, உள்ள ரப்பர் இம்பெல்லர்ல ரெண்டு எதழு பிஞ்சிருக்குறதப் பாத்து, பிஞ்ச துண்டு எங்க போச்சுன்னு தேடி கூலர் வாயில அடைச்சிருந்தத எடுத்து கையில வச்சிருக்கான். எங்ககிட்ட இருக்குற பழைய ஆளுகளே இம்பெல்லர மாத்திட்டு துண்டத் தேடாம விட்ருவாங்க, மறுபடி ஹீட் ஆகும். அந்த அளவுக்கு மூளைக்காரன்.

அப்ப போட்டு ஓனரு வந்தாரு. மறுநாளைக்கு டோக்கன் போடணும், ஐஸ் ஏத்தணும், ஆளுக காத்துக்கிட்டு இருக்காங்க. அவருக்கு தெரிய வேண்டியது மூணே விஷயம்: என்ன செலவு, எப்ப முடியும், நாளைக்கு கடலுக்குப் போகலாமா வேணாமா. நம்ம தம்பி என்ன பண்ணுனான், கூலிங் சிஸ்டம்னா ரெண்டு வகைன்னு ஆரம்பிச்சு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஃபார்முலா வரைக்கும் போயிட்டான். அவரு என்னப் பாத்து "ஏண்ணே, இன்ஜின் போச்சா?"ங்குறாரு, மூஞ்சி வெளிறிப்போச்சு மனுசனுக்கு. சின்ன செலவு, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்னு சொன்னா முடிஞ்சது கதை.

அதனால சொல்லத் தெரியணும்ங்குறத ஒத்துக்குறேன். ஆனா வேலை தெரியாம வாய் மட்டும் உள்ளவன் இருக்கான் பாருங்க, அவன் சரியாகாத இன்ஜினை சரியாயிருச்சுன்னு சொல்லி கடலுக்கு அனுப்பிருவான். எனக்கு அந்தப் பையனே போதும்.


கீழக்கரை தம்மாம்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பாம்பன் அண்ணே சொன்னத அப்படியே புடிச்சுக்கிறேன். நான் சவூதில பிளான்ட் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், எங்க வாப்பாவும் இதே ஊர்லதான் இருந்தாங்க, அவங்க ஃபிட்டர். இங்க சாஃப்ட் ஸ்கில்னா என்னன்னா ஷிஃப்ட் மாத்துறது. அவ்வளவுதான். நான் பாதியில விட்ட வேலைய அடுத்த ஷிஃப்ட்காரன் கையில குடுக்கும்போது எது கழட்டியிருக்கு, எது மூடியிருக்கு, எதத் தொடக்கூடாதுன்னு சொல்லணும். அடுத்த ஷிஃப்ட்ல வர்றவன் பிலிப்பினோவா இருப்பான், பாகிஸ்தானியா இருப்பான், நம்ம இங்கிலீஷும் ஒடஞ்சது அவன் இங்கிலீஷும் ஒடஞ்சது. பளபளப்பா பேசத் தேவயில்ல, விட்டுப்போகாம சொல்லணும்.

எங்களுக்கு ட்ரெய்னிங்ல மொத நாளே சொல்றது பைப்பர் ஆல்ஃபா. வட கடல்ல ஒரு எண்ணெய் மேடை, 1988 ஜூலை 6. கேஸ்லேர்ந்து பிரியிற திரவத்தத் தள்ளுற ரெண்டு கண்டன்சேட் பம்ப்பு. ஏ பம்ப்போட சேஃப்டி வால்வ பகல்ல சர்வீசுக்கு கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு மூடி போட்டு வச்சிருந்தாங்க, வேலை முடியல. ராத்திரி பி பம்ப்பு நின்னு போச்சு. நைட் ஷிஃப்ட் ஆளுகளுக்கு ஏ பம்ப்ப எடுத்து ஓட்டலாம்னு நெனப்பு, ஏன்னா வால்வு கழட்டுன பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) அவங்க கண்ணுல படல, வாயால சொன்னவனும் இல்ல. ஓட்டுனாங்க. கேஸ் லீக்காகி தீப்புடிச்சு 167 பேரு போயிட்டாங்க. அப்புறம் கல்லன்ங்குற நீதிபதி தலைமைல விசாரணை நடந்து 106 பரிந்துரை குடுத்தாங்க, இன்னைக்கு நாங்க கையெழுத்துப் போடுற பர்மிட் முறைய கெடுபிடியாக்குனதுல அதுக்குப் பெரிய பங்கு.

அங்க யாருக்கும் வேலை தெரியாம இல்ல, எல்லாரும் படிச்ச டெக்னிக்கல் ஆளுகதான்.

சார் நீங்க இப்படிப் பண்ணுங்களேன். லேப்ல ஏ பேட்ச் ஒரு பம்ப்ப கழட்ட ஆரம்பிக்கட்டும், நடுவுல பெல் அடிச்சு நிப்பாட்டுங்க. ஒரே ஒரு பக்கம் எழுதி வச்சுட்டு வெளிய போகணும். பி பேட்ச் அந்தத் தாள மட்டும் படிச்சுட்டு மாட்டி முடிக்கணும், ஃபோன் பண்ணக் கூடாது, வாட்ஸப் கூடாது. பி பேட்ச் முடிச்சாத்தான் ஏ பேட்ச்சுக்கு மார்க். ஒரு தடவ பண்ணுனா போதும், எத எழுதாம விட்டோம்னு ஜென்மத்துக்கும் மறக்காது.


தேவிபட்டினம் தேர்ட் இயர்:

வணக்கம் சார், நான் வேற காலேஜ், ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல்). கவர்மென்ட் ஸ்கூல், 7.5 சதவீத கோட்டால வந்தேன். கொஞ்சம் ஓபனா சொல்லலாமா.

மாட்டிக்கிட்டேன்னு ஏன் சொல்றதில்லன்னு ஓஎம்ஆர் அண்ணா கேக்குறீங்க. எங்களுக்கு அத பழக்குனதே இல்லண்ணா. லேப்ல ரீடிங் தப்பா வந்துச்சுன்னு வைங்க, கிராஃப் கோணலா வரும். சார்கிட்ட போயி சொன்னா "சரியா பண்ணல, மறுபடி பண்ணு"ம்பாங்க, நேரம் இருக்காது, சீனியர் ரெக்கார்டுல இருக்குற ரீடிங்க லேசா மாத்தி எழுதிட்டா கிராஃப் அழகா வந்துரும், ஃபுல் மார்க். நேர்மையா எழுதுனவளுக்கு மார்க் கொறையும். லேப்புக்கு 100ல 60 இன்டர்னல், அது முழுசும் ஸ்டாஃப் கையில இருக்கு. அப்ப நாலு வருஷமா எங்களுக்கு சொல்லிக் குடுத்தது என்ன, கெட்ட விஷயத்த மறைன்னுதானே. அப்புறம் ஃபைனல் இயர்ல ஒரு பீரியட் போட்டு ஓபனா பேசுங்கன்னா எப்படி சார் வரும்.

இன்னொண்ணு டீம் ஒர்க். எங்க ப்ராஜெக்ட் டீம்ல ரெண்டு பசங்க ரெண்டு பொண்ணுங்க. பசங்க ஹார்ட்வேர் பண்ணுவாங்க, நாங்க ரிப்போர்ட் டைப் அடிப்போம், பிபிடி போடுவோம், பைண்டிங் குடுத்து வாங்குவோம். கேட்டா "நீங்கதான் நீட்டா பண்ணுவீங்க"ன்னு ஐஸ் வைக்கிறாங்க. அஞ்சு மணிக்கு மேல லேப்ல இருக்க முடியாது, பஸ் போயிரும், உண்மைதான். ஆனா அதுக்காக சால்டரிங் அயர்ன நான் தொட்டதே இல்லன்னு இன்டர்வியூல சொல்ல முடியுமா? வைவாவுல சர்க்யூட்டப் பத்திக் கேட்டா பசங்க பேசுறாங்க, நாங்க பக்கத்துல நிக்கிறோம். வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் எங்க ரெண்டு பேர பாத்து "நல்லா டாக்குமென்ட் பண்ணியிருக்கீங்கம்மா"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.


மண்டபம் ரிட்டயர்டு:

பாப்பா சொல்றது நூத்துக்கு நூறு. நான் கவர்மென்ட்ல ரோடு பாலம்னு வேலை பாத்து ஓஞ்சவன், எங்க காலத்துலயும் அளவுப் புத்தகத்துல அழகா எழுதுறவனுக்குத்தான் மரியாதை.

ஆனா பிள்ளைகளா, நம்ம பாம்பன் பாலத்த நெனச்சுப் பாருங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, ரயில் பாலத்தோட கர்டர் பெரும்பாலும் கடல்ல விழுந்துருச்சு. ஆறு மாசத்துல முடிக்கணும்னு ரயில்வே சொல்ல, மேலதிகாரி மூணு மாசம்னாரு, பொறுப்பு குடுத்தது பின்னாடி மெட்ரோ மேன்னு பேரு வாங்குன இன்ஜினியர் ஸ்ரீதரன்கிட்ட, அப்ப அவருக்கு வயசு 32. கடல்ல கெடந்த கர்டர மீட்டெடுத்து மறுபடி ஏத்தி 46 நாள்ல ரயில ஓட்டுனாரு. கணக்கு மட்டும் போட்டா இது நடக்குமா? கூலியாள், கலாசி, ஆபீசரு அத்தன பேரையும் ஒரே திசையில இழுத்துக்கிட்டு போகணும்.


பரமக்குடி டு ஓஎம்ஆர்:

ஐயா மன்னிக்கணும், நம்ம மாவட்டத்துல எந்த செமினார் நடந்தாலும் ஒண்ணு கலாம் ஐயா, இல்லன்னா பாம்பன் பாலம். பசங்க கை தட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. 32 வயசுல அவர நம்பி அந்த வேலையக் குடுத்த மேலதிகாரி ஒருத்தர் இருந்தாரு, அதப் பத்தி யாரும் செமினார் போட மாட்டாங்க.

என்னக் கேட்டா நம்ம பசங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கு. ஏலக்கடையில நிக்கிறவனுக்கு நெகோஷியேஷன் சொல்லித் தரணுமா? அஞ்சாறு பேரு ஒரு போட்டுல ராத்திரி பூரா கெடந்து பங்கு பிரிச்சுக்குறத விட டீம் ஒர்க் எங்க இருக்கு? முதுகுளத்தூர் பக்கம் முண்டு மிளகாய் கமிஷன் கடையில பேரம் பேசுறவன் பிள்ளை எந்த மீட்டிங்லயும் பேசுவான்.


மண்டபம் ரிட்டயர்டு:

சரிப்பா, ஒத்துக்குறேன். ஆனா பாலத்த விட்டா எனக்கு வேற என்ன தெரியும்.


தொண்டி அக்கா ஹெச்ஆர்:

தம்பி ஓஎம்ஆர், கேக்க நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நில்லுங்க. ஏலத்துல நிக்கிறது அவங்க அப்பா அம்மா. பையன காலேஜுக்கு அனுப்புனதே அவன் அந்தக் கரைப் பக்கம் வரக்கூடாதுன்னுதான். பாதிப் பிள்ளைங்க பத்தாவதுலேர்ந்து ஹாஸ்டல்ல வளந்தவங்க, ஏலம் எப்படி கேக்குறதுன்னு உங்கள மாதிரியே அவங்களுக்கும் தெரியாது. அப்படியே தெரிஞ்சாலும் ஏலக்கடையில எல்லாரும் தெரிஞ்ச மூஞ்சி, மாமன் மச்சான். ஆபீஸ்ல அவந்தான் எல்லாரையும் விட சின்னவன், எதிர்ல இருக்குறவன் யாருன்னே தெரியாது, அவன் கேமராவக் கூட ஆன் பண்ண மாட்டான். ரெண்டும் வேற.

நான் கோயம்புத்தூர்ல ஒரு மேனுஃபாக்சரிங் கம்பெனிக்கு ஆள் எடுக்குறேன். வாத்தியார் சாருக்கு உபயோகமா ரெண்டு விஷயம் சொல்றேன்.

நெறைய எடத்துல மொத ரவுண்டுல மனுஷனே கெடையாது. வெர்சன்ட் மாதிரி டெஸ்ட்ல ஹெட்ஃபோன்ல ஒரு வாக்கியம் வரும், அதத் திருப்பி சொல்லணும், ஒரு சின்ன கதை வரும், சொந்த வார்த்தைல சொல்லணும். சில எடத்துல கேள்வி ஸ்கிரீன்ல வரும், கேமராவப் பாத்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணணும். எதிர்ல தலையாட்ட ஆள் இல்லாம பேசுறது பெரியவங்களுக்கே தொண்ட அடைக்கும். இதுக்கு ட்ரெய்னர் வேணாம், ஃபோன் போதும், பிள்ளைங்க தனியா ஒக்காந்து பேசி தாங்களே போட்டுப் பாக்கணும். நம்ம ஊர் உச்சரிப்பப் பத்தி கவலப்பட வேணாம், வேகத்தக் கொறச்சா போதும்.

அடுத்தது, நான் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" கேக்குறதயே விட்டுட்டேன், வர்ற பதில் எனக்கும் மனப்பாடம். "ப்ராஜெக்ட்ல எது சொதப்புச்சு, அப்ப யார்கிட்ட மொதல்ல சொன்ன"ன்னு கேப்பேன். எதுவுமே சொதப்பலங்குறவங்கள எடுக்க மாட்டேன். தேவிபட்டினம் தங்கச்சி, நீ மேல எழுதுனத அப்படியே ஒரு இன்டர்வியூல சொல்லு, ரிப்போர்ட் மட்டுந்தான் குடுத்தாங்க, எனக்கு இந்த இந்த பார்ட் தெரியாது, ஆனா இத இப்படி கத்துக்கிட்டு இருக்கேன்னு. ஆனா அதுக்கு முன்னாடி சால்டரிங் அயர்னத் தொட்டுரு. அதுக்கு பேச்சுத்திறமை பத்தாது.


உச்சிப்புளி வாத்தியார்:

ரெண்டு நாளா இத திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்கேன். ரீடிங் மாத்தி எழுதுற விஷயம்தான் மண்டைக்குள்ளயே நிக்குது. அது எங்களுக்குத் தெரியாதுன்னு பிள்ளைங்க நெனைக்கிறாங்க, தெரியும்மா, நாங்களும் படிச்சு வந்தவங்கதான். ரெக்கார்டு சுத்தமா இருந்தா இன்ஸ்பெக்ஷன்ல கேள்வி வராது, அதனால கண்டுக்காம விடுறது.

இன்ஜினியரிங் படிப்புக்கு தரச் சான்று குடுக்குற என்பிஏ ஃபைல்ல, படிச்சு முடிக்கிறவனுக்கு என்னென்ன வரணும்னு ப்ரோக்ராம் அவுட்கம் பட்டியல் இருக்கு, ஆசிரியருங்களுக்குத் தெரியும். அதுல எத்திக்ஸ், டீம் ஒர்க், கம்யூனிகேஷன், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், ஆயுசுக்கும் கத்துக்குறது எல்லாம் வரும். நாடுங்க ஒண்ணோட இன்ஜினியரிங் படிப்ப இன்னொண்ணு ஏத்துக்குற ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டுல இந்தியா 2014ல நிரந்தர உறுப்பினர் ஆனதுக்கு அப்புறம் இத யாரும் ஒதுக்கவே முடியாது. நாங்க என்ன பண்றோம், எந்தப் பாடம் எந்தத் திறமைய எவ்வளவு வளக்குதுன்னு காட்டுற மேப்பிங் டேபிள்ல தெர்மல் லேப்புக்கு நேரா டீம் ஒர்க் 2, கம்யூனிகேஷன் 2ன்னு நம்பர் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறோம். அந்த 2 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் கெடையாது. தம்மாம் தம்பி சொன்ன ஷிஃப்ட் மாத்துற வேலைய லேப்ல வச்சா அந்த 2க்கு ஒரு அர்த்தம் வரும்.

ஹெச்ஓடிகிட்ட பேசிட்டேன். அந்த பீரியட லேப் பீரியடோட சேத்துக்கச் சொன்னாரு, வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுசும் லேப். பம்ப்ப பாதியில விட்டு தாள் எழுதுறது நடக்கும். கோணலா வந்த ரீடிங்க அப்படியே எழுதி ஏன் கோணலாச்சுன்னு காரணம் எழுதுனவங்களுக்கு மார்க்கக் கொறைக்க மாட்டேன், இத மொத கிளாஸ்லயே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டிடுறேன், ஏன்னா வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, நம்பக் காரணமும் நாங்க குடுக்கல. ப்ராஜெக்ட் டீம்ல ரெவ்யூக்கு ரெவ்யூ வேலைய மாத்தணும், போன ரெவ்யூல ரிப்போர்ட் எழுதுனவங்க இந்த ரெவ்யூல ஹார்ட்வேர், பொண்ணுங்களுக்கு லேப் நேரம் காலைல மொத பீரியட்லயே.

எல்லாரும் ஒத்துக்கல. ஒரு சீனியர் ஸ்டாஃப் "மார்க்க வச்சு வெளாடாதீங்க, ப்ளேஸ்மென்ட் நம்பர் கொறஞ்சா யாரு பதில் சொல்றது"ன்னாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இந்த மாவட்டத்துல கம்பெனி இல்ல, எல்லா பிள்ளையும் வெளியூர்தான் போகணும், அதுக்கு சிஜிபிஏ கட்ஆஃப் இருக்கு. அந்த சண்டை இன்னும் முடியல.

பாம்பன் அண்ணே, உங்ககிட்ட ஒரு உதவி. இன்டர்ன்ஷிப் கையெழுத்து வேணாம். பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வர்றேன், ஒரு இன்ஜின் கோளாற அவங்களே பாத்து போட்டு ஓனருக்கு தமிழ்ல ஒரு நிமிஷத்துல சொல்லணும். அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு அவருதான் மார்க் போடணும். அதையே அப்புறம் பத்து வரி இங்கிலீஷ் மெயிலா எழுதச் சொல்றேன்.


பாம்பன் டீசல்:

கூட்டிக்கிட்டு வாங்க. தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், எல்லாப் போட்டும் வேலைக்கு நிக்கும், நெறைய இன்ஜின் தொறந்து கெடக்கும், அதான் பாக்க நல்ல நேரம்.


உச்சிப்புளி வாத்தியார்:

அண்ணே அது செமஸ்டர் பரீட்ச நேரம்.


பாம்பன் டீசல்:

அப்ப போட்டு கரையில நிக்கிற நாளாப் பாத்து வாங்க, மொத நாளே ஃபோன் பண்ணிருங்க. ஒரே தடவையா அறுவது பேர கொண்டாந்து படகுத்துறையில நிப்பாட்டாதீங்க, ஏழெட்டுப் பேரு போதும். ஓனருகிட்ட நான் பேசிக்கிறேன், மார்க் போடச் சொன்னா அவரு எல்லாத்துக்கும் சைபர் போட்ருவாரு, அதுக்கு நான் பொறுப்பில்ல. ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க, டெக்குல ஆயிலும் மீன்தண்ணியும் வழுக்கும்.


தேவிபட்டினம் தேர்ட் இயர்:

அண்ணா வேற காலேஜ்லேர்ந்து வரலாமா? நாங்க ரெண்டு பேரு.


பாம்பன் டீசல்:

வாங்க தங்கச்சி. ரிப்போர்ட்டெல்லாம் கேக்க மாட்டேன், ஸ்பேனர் புடிக்கணும்.